குதிரைக்காகப் பிறந்த வேலி

காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் புகுந்தால், தின்பதைவிடக் கிளறிப் போடுவதே அதிகம். கொல்லிமலையில் மரவள்ளி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சுற்றிலும் கட்டிய பழைய சேலை, முள்கம்பி, சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி என்று மலையடிவார விவசாயிகள் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்துத் தடுத்துப் பார்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் ஒன்றுகூடப் பன்றிக்காகப் பிறந்ததில்லை.

பயிருக்கென்றே பிறந்தது பரண்தான். வல்வில் ஓரி கொல்லியை ஆண்ட சங்க காலத்தில், தினைப்புனத்துப் பரணில் பகலெல்லாம் பெண்கள் கிளி ஓட்டினார்கள். இரவில் பன்றிக்கும் யானைக்கும் ஆண்கள் விழித்திருந்தார்கள். கிளி ஓட்டும் கருவிகளின் பெயரையும் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது: தழல், தட்டை, குளிர். எறிவதற்குக் கவண் வேறு.

பரணைக் காலி செய்தது ஒரு தென்னமெரிக்கக் கிழங்கு. மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, மரவள்ளியிலிருந்து அதைச் செய்யும் ஆலைகள் சேலம் பக்கம் முளைத்தன. அந்த ஆலைகளின் பசி கொல்லிமலை மேலும் ஏறியது. சாமையும் தினையும் ஒதுங்கின. மரவள்ளியோ ஒன்பது பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கும் பயிர். அத்தனை இரவும் பரணில் உட்கார யாரால் முடியும்?

ஆள் நிற்க முடியாத இடத்தில் முள் நின்றது. நம் ஊர்ப் பழைய வேலிகளில் ஒன்றான சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதன்மேல் வாழும் பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வியாபாரத்தில் ஸ்பெயினின் பிடியை உடைக்கத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி துடித்தது. மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் ஒரு கப்பல் கேப்டன் ரியோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். அது வேறு இனம். சாயம் மட்டம், பசி அபாரம். கள்ளியைக் கூட்டம் கூட்டமாகத் தின்று தீர்த்தது. சாயத்துக்கு உதவாத பூச்சி பிறகு கள்ளியை ஒழிக்கவே தெற்கே வரவழைக்கப்பட்டது. அதற்கு மசியாத இன்னொரு வகைக் கள்ளிக்காக 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. வேலியை மேயவும் ஆள் இருந்தது!

உயிர்வேலியின் இடத்தைப் பிடித்த முள்கம்பிக்குத் தாய்வீடு அமெரிக்காவின் இல்லினாய்ஸ். 1873இல் டீகால்ப் ஊர்ச் சந்தையில், அடங்காத ஒரு மாட்டுக்காக ஆணி அடித்த மரச்சட்டம் ஒன்றை ஒருவர் காட்சிக்கு வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் போன மூன்று பேர் ஆளுக்கொரு கம்பி வேலி செய்தார்கள். அவர்களில் கிளிடன் என்பவர் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தை வைத்து முள் முறுக்கினாராம். காப்புரிமை 1874இல் அவருக்குக் கிடைத்தது. போலிகளும் வழக்குகளும் கூடவே வந்தன. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது காப்புரிமைக் காலமே முடிந்துவிட்டிருந்தது. மாட்டை நிறுத்தும் அந்தக் கம்பியைப் பன்றி அவ்வளவாக மதிப்பதில்லை. அடிக்கம்பிக்குக் கீழே மூக்கை நுழைத்து மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்விடும்.

அடுத்த திருப்பம் நியூசிலாந்தில். 1930களில் பில் கேலகர் என்பவரின் குதிரை, அவருடைய எசெக்ஸ் காரில் உடம்பைத் தேய்த்து அரிப்பைத் தீர்த்துக்கொண்டிருந்தது. கார் அசைந்தால் குதிரைக்கு ஷாக் அடிக்கும்படி ஒரு சுற்றை இணைத்தார் அவர். அதிலிருந்து வேலி வந்தது, கம்பெனி வந்தது. 1960களில் அந்நாட்டின் ருவாகுரா ஆய்வு நிலையத்தில் டக் பிலிப்ஸ், புல் உரசினாலும் வலு குறையாத கருவியை உருவாக்கினார். இப்படிப்பட்ட வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம் துடித்து அடங்கும். சுண்டி விரட்டும், கொல்லாது.

நம் ஊரில் இதைப் பார்த்து அடித்த காப்பிதான் கொடுமை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை நேரே கம்பியில் கொக்கி போட்டு விடுவது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கென்று வைத்த அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது: புதிதாகப் போட அனுமதி, ஏற்கெனவே இருப்பதற்குப் பதிவு.

2025 ஜனவரியில் இன்னொரு முடிவு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடிக்கலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் மலை விவசாயிக்கு இதில் பெரிய ஆறுதல் இல்லை. அவருக்கு மிஞ்சுவது வேலியும், வேலி தோற்றால் காப்பீடும். 2025 நவம்பரில் மத்திய அரசு, விலங்குச் சேதத்தையும் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக அறிவித்தது. 2026 காரிஃப் பருவம் முதல், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செல்பேசிச் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்ற பட்டியலை அறிவிக்க வேண்டியது மாநில அரசு.