ஆம்பர் எச்சரிக்கை உருவான வரலாறு

கடத்தப்பட்ட குழந்தையைத் தேட ஊரையே உஷார்ப்படுத்தும் 'ஆம்பர் எச்சரிக்கை' அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தது. அதற்கு முன் 1984 முதல் காணாமற்போன பிள்ளைகளின் படங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சாகி வந்தன. அவை வீடுதோறும் போய்ச் சேர்ந்தாலும் நாள்கணக்கில் தாமதமாயின. கடத்தலில் முதல் சில மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும்.

1996 ஜனவரி 13 அன்று ஆர்லிங்டன் நகரில், சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயது ஆம்பர் ஹேகர்மன் கடத்தப்பட்டாள். ஒரு முதியவர் கண்ணெதிரே அது நடந்தது. கறுப்பு பிக்கப் வண்டி என்ற அடையாளமும் கிடைத்தது. ஆனால் சாலையில் செல்வோருக்கு அதை உடனே சொல்ல வழியில்லை. நான்கு நாள் கழித்து ஓர் ஓடையில் அவள் சடலம் கிடைத்தது. புயல் எச்சரிக்கைக்கு வானொலி நிகழ்ச்சியை நிறுத்துகிறவர்கள் ஒரு குழந்தைக்காக நிறுத்தக்கூடாதா என்று அப்பகுதிப் பெண் ஒருவர் வானொலி நிலையத்திடம் கேட்டார். நியாயமான அந்தக் கேள்வியே திட்டமானது. டல்லாஸ் பகுதி வானொலிகள் காவல்துறையுடன் கைகோத்தன.

2003இல் கூட்டாட்சிச் சட்டம் இதை நாடு முழுவதும் ஒருங்கிணைத்தது. 2013 முதல் கைப்பேசிகளிலும் எச்சரிக்கை ஒலிக்கிறது. எச்சரிக்கை விடுக்க, பதினேழு வயதோ அதற்குக் குறைந்த வயதோ உள்ளவர் கடத்தப்பட்டதாகவும் உயிராபத்தில் இருப்பதாகவும் காவல்துறை நம்ப வேண்டும். அடையாள விவரமும் போதிய அளவு வேண்டும். அடிக்கடி ஒலித்தால் மக்கள் கவனிக்க மாட்டார்கள் என்பதால் இந்தக் கண்டிப்பு அவசியமானதே.

ஆம்பரைக் கொன்றவர் இன்னும் பிடிபடவில்லை.