கருவின் சாமுத்திரிகம்

மனிதனின் முகத்தையும் அங்கங்களையும் பார்த்து அவனுடைய குணத்தையும் பாக்கியத்தையும் கணிக்க முற்பட்ட சாமுத்திரிகா லட்சணம் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்தது. உருவாகி ஐந்து நாளே ஆன, கடுகில் பத்திலொரு பங்கே இருக்கும் கருவுக்கும் அவ்வாறு லட்சணம் பார்க்கும் கலையொன்று, செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையோடு சேர்ந்தே வளர்ந்தது.

1977 நவம்பரில், இங்கிலாந்தின் ஓல்டம் நகரை அடுத்த கெர்ஷாஸ் என்னும் சிறு மருத்துவமனையில், லெஸ்லி பிரவுன் என்ற மாதரசியிடமிருந்து எடுத்த ஒற்றைச் சினைமுட்டை கண்ணாடித் தட்டில் கருவாகிப் பிரிவதை நுண்ணோக்கியின் வழியே முதலில் கண்டவர், இச்சிகிச்சையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் எட்வர்ட்ஸின் உதவியாளரான ஜீன் பர்டி என்னும் செவிலியர். அன்று தேர்ந்தெடுப்பதற்கு வேறு கரு இல்லை. இருந்த அந்த ஒன்றே 1978 ஜூலை 25 அன்று, இம்முறையில் உருவான முதல் குழந்தையான லூயிஸ் பிரவுனாகப் பிறந்தது.

பின்னர் ஹார்மோன் ஊசிகளால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச் செய்யும் முறை நிலைபெற்றதும், எந்தக் கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. கண் ஒன்றே அதற்குச் சாதனம். இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டின் சூடு தணியுமுன் பார்த்து முடிக்க வேண்டும்: மூன்றாம் நாளெனில், செல்கள் எட்டு உள்ளனவா, அளவில் ஒத்தவையா, இடையே நொறுங்கிய துணுக்குகள் மிகுதியா என்றும், ஐந்தாம் நாளெனில், நீர்க்குமிழிபோல் விரிந்த பிளாஸ்டோசிஸ்டினுள் சிசுவாக வேண்டிய செல்கள் நெருங்கித் திரண்டுள்ளனவா, நஞ்சுக்கொடியாக வேண்டிய வெளிப்படலம் சீராக அமைந்துள்ளதா என்றும் நோக்குவார்கள். 1999-ல் கார்ட்னரும் ஸ்கூல்கிராஃப்டும் வெளியிட்ட முறைப்படி, விரிவுக்கு ஓர் எண்ணும் மற்ற இரண்டுக்கும் ஏ, பி, சி என்ற எழுத்துகளும் இடப்பெற்று, ‘4ஏஏ’ என்பது போன்ற குறியீடு பிறந்தது.

ஆனால் குரோமோசோம்கள் இப்பார்வைக்கு அகப்படுவதில்லை. மனிதனுக்கு அவை நாற்பத்தாறு என்பதே 1956-ல்தான் நிச்சயமாயிற்று. அவற்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும், கரு பெரும்பாலும் ஒட்டாமலே போகும், அல்லது கலைந்துவிடும். நாற்பதைக் கடந்த பெண்களின் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை இக்குறை உடையவை. முதல் தரம் பெற்ற கருவில் இக்குறை இருப்பதும், தரத்தில் தாழ்ந்த கருவில் கணக்குச் சரியாக இருப்பதும் ஆராய்ச்சியாளர் அடிக்கடி கண்டவை.

கருவிலிருந்தே செல்லை எடுத்துச் சோதிக்கும் முறையை ஆலன் ஹாண்டிசைடும் அவர் சகாக்களும் லண்டனில் 1990-ல் நிறுவினர். அதுவும் உடனே வெற்றியாகவில்லை: 35 முதல் 41 வயது வரையான பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாள் கருவில் செல் எடுத்துச் சோதித்தவர்களுக்கே கர்ப்பம் குறைவாக நிலைத்தது. ஆகவே கருவைத் தொடாமலே அறிய வேண்டுமென்ற ஆசை மீண்டும் தலையெடுத்து, இன்குபேட்டருக்குள்ளேயே சில நிமிஷங்களுக்கொரு முறை படமெடுத்து, பிரியும் வேகத்தைக் கொண்டு குரோமோசோம் குறையை ஊகிக்கலாம் என்ற முயற்சி 2013-ல் பிரசித்தமாயிற்று; பிற ஆய்வுக்கூடங்களில் அவ்வூகம் ஒரே சீராகப் பலிக்கவில்லை.

எந்தக் கருவை முதலில் வைக்கலாம் என்று வரிசைப்படுத்தக் கண்ணின் தீர்ப்பு இன்றும் பயன்படுகிறது. அதற்குமேல் அதனிடம் கேட்பது நியாயமன்று. ஏக்கத்தோடு காத்திருந்து, கையில் தரச்சீட்டைப் பெறும் தம்பதிகள், அதிலுள்ள எழுத்து தோற்றத்துக்கு இட்ட மதிப்பெண்ணா, குரோமோசோம் சோதனையின் முடிவா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.