ஸ்ட்ரெஸ் அல்சர் தடுப்பு (குழந்தைகள்)

கடும் நோய், விபத்து, பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றால் உடல் நிலைகுலையும்போது இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் உண்டாகும் புண்களை மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் அல்சர் என்கிறார்கள். பெயரைக் கேட்டுக் குழந்தையின் மனக்கவலையோடு இதை முடிச்சுப்போட வேண்டாம். தீக்காயத்தை ஒட்டி வரும் புண்ணை 1842இல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங் விவரித்தார். மூளைப் பாதிப்பை ஒட்டி வருவதை 1932இல் அமெரிக்கரான ஹார்வி குஷிங் எழுதினார்.

தலைக்காயத்தில் அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம். மற்றப் பெரும்பாலான குழந்தைகளிடம் நடப்பது வேறு. ரத்த அழுத்தம் விழுந்ததும் உடல் மூளையையும் இதயத்தையும் காக்க முனைகிறது. இரைப்பைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம் மெலிந்துபோக, வழக்கமான அமிலமே அதை அரித்துவிடுகிறது. எனவே ரத்த அழுத்தம் விழுந்த இந்த அதிர்ச்சி நிலையைச் சரிசெய்து ரத்த ஓட்டத்தை மீட்பதுதான் முதல் தடுப்பு. அமிலத்தைக் குறைக்கும் மருந்து அதற்கு அடுத்தது.

மூக்கு வழியே இரைப்பைக்குச் செலுத்திய குழாயில் காப்பித்தூள் நிறத்தில் கசிவதும் மலம் கறுப்பதும் எச்சரிக்கைகள். ஆனால் உயிரை அச்சுறுத்தும் ரத்தப்போக்கு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அரிது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் நூறு குழந்தைகளில் இருவருக்கும் குறைவாகவே அது காணப்பட்டது. வென்டிலேட்டரில் இருப்பவர்கள், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், மிகக் கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். காய்ச்சலுக்காக வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு இந்தத் தடுப்பு மருந்து தேவையில்லை.

குழாய் வழியே சீக்கிரம் பால் கொடுக்கத் தொடங்குவது நல்ல காப்பு. உணவு அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கிறது, குடலுக்கு ரத்தத்தையும் வரவழைக்கிறது. மருந்து வேண்டியவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பாண்டோப்ரசோல், ஃபமோடிடின் ஆகியவை உண்டு. சுக்ரால்ஃபேட் புண்ணின் மேல் படிந்து காக்கும். அதில் அலுமினியம் இருப்பதால் சிறுநீரகம் பழுதான குழந்தைக்கு ஏற்றதல்ல. ஒருகாலத்தில் எங்கும் புழங்கிய ரானிடிடினை, அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருந்ததால், 2020இல் அமெரிக்கா சந்தையிலிருந்து விலக்கக் கோரியது.

அமிலம் கிருமிகளுக்கு எதிரான காவலும்கூட. அதை அடக்கினால் குடல் தொற்றுக்கும் நிமோனியாவுக்கும் வழி திறக்கலாம். குறைமாதக் குழந்தைகளிடம் அமிலத் தடுப்பு மருந்துக்கும் குடல் திசு அழுகும் நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதனால் வென்டிலேட்டர் எடுக்கப்பட்டு, குழந்தை பால் குடிக்கத் தொடங்கி, வேறு காரணமும் இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். நடைமுறையில் அது வார்டுக்கும், சில வேளை டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுக்கும் போய்விடுகிறது.