சுபாங் விமான நிலையத்தின் ஏற்றமும் இறக்கமும்

துறைமுகங்களின் வரலாற்றைக் கற்றோர்க்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். கப்பல்கள் ஒரு துறையை நாடி வருவது அதன் அழகைக் கண்டன்று. அங்குக் கிடைக்கும் வருவாயைக் கண்டேயாம். கடாரத்துப் பழந்துறைகளில் இன்று எஞ்சியிருப்பவை பூஜாங் பள்ளத்தாக்கின் செங்கல் அடித்தளங்களே. கீழைக் கடல்களை ஆண்ட மலாக்கா, தன் வணிகத்தைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் விட்டுக்கொடுத்து ஒதுங்கியது. சென்ற நூற்றாண்டில் விமான நிலையங்களும் இவ்விதிக்கு ஆட்பட்டன. ஆயினும் கோலாலம்பூரை அடுத்த சுபாங்கின் கதையில் ஒரு வேறுபாடு உண்டு. அத்துறை மணல் மூடித் தூர்ந்ததன்று, ஆணையால் அடைக்கப்பட்டது. அதுவும் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்திருந்த காலத்தில் அடைக்கப்பட்டது.

சுங்கை பீசியில் இருந்த பழைய நிலையம் வளர்ந்துவரும் தலைநகருக்குப் போதாமற் போகவே, சுபாங்கில் புதியது எழுந்தது. 1965 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள் அது திறக்கப்பட்டபோது, அதன் 3,780 மீட்டர் ஓடுபாதை தென்கிழக்காசியாவிலேயே நீளமானதாக இருந்தது. காளான்களைப் போல் விரிந்து கூரையைத் தாங்கிய கான்கிரீட்டுத் தூண்கள், விடுதலை பெற்ற ஓர் இளம் நாட்டின் தன்னம்பிக்கைக்கு அடையாளமாய் நின்றன. 1972 ஆம் ஆண்டில் மலேசிய-சிங்கப்பூர் விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்து, அக்டோபர் முதல் நாள் மாஸ் நிறுவனம் தனித்து இயங்கத் தொடங்கியது. அதன் தாயகம் சுபாங் ஆயிற்று.

தமிழர்க்கும் இந்நிலையத்தோடு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. தமிழகத்துக்குச் சென்று வந்தோர் நெடுங்காலம் கப்பலையே நம்பியிருந்தனர். 1985 ஆம் ஆண்டு பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அப்பயணிக் கப்பற் போக்குவரத்து முடிவுற்றது. நாகைக்கும் சென்னைக்கும் தகரப் பெட்டியுடன் கப்பலேறிய தலைமுறை மறைய, சுபாங்கில் விமானம் ஏறும் தலைமுறை தோன்றியது. ஒருவரை வழியனுப்ப ஒரு குடும்பமே சிற்றுந்து அமர்த்திக்கொண்டு வந்து நிற்கும் காட்சி அந்நாளில் இயல்பானது.

1985 ஆம் ஆண்டின் பொருளாதாரத் தேக்கத்தைச் சுபாங் தாங்கிக்கொண்டது. பின்னர் வந்த பத்தாண்டுகள் செழிப்பானவை. நாட்டின் பொருளாதாரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ எட்டு விழுக்காடு வளர்ந்தது. அனைத்துலகப் பயணிகளுக்கு ஒன்று, சிங்கப்பூர் செல்வோர்க்கு ஒன்று, உள்நாட்டுப் பயணிகளுக்கு ஒன்று என மூன்று முனையங்கள் அமைந்தும் இடம் போதவில்லை. தலைநகருக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், செப்பாங்கில், 10,000 ஹெக்டேர் நிலம் புதிய நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. அந்நிலத்தின் பெரும்பகுதி செம்பனை, இரப்பர்த் தோட்டங்களாக இருந்தது. தோட்டம் நிலையமாக மாறும்போது முதலில் இடம்பெயர்பவர்கள் அதில் உழைத்தவர்களே என்பதை விமான நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

1997 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மாஸ் நிறுவனத்தின் புதிய போயிங் 777 விமானம் ஒன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து எங்கும் இறங்காமல் பறந்து சுபாங்கை அடைந்தது. 20,044 கிலோமீட்டர் என்பது அன்று உலகச் சாதனை. ஓராண்டுக்கு முன்னரே அந்நிறுவனம் 25 பெருவிமானங்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தது. சுபாங்கின் புகழ் உச்சியில் நின்ற நாள் அது எனலாம். மூன்று மாதங்கள் கழிந்தன. சூலை 2 ஆம் நாள் தாய்லாந்து தன் நாணயமாகிய பாட்டின் மதிப்பை மிதக்கவிட்டது. அன்று தொடங்கிய சரிவு மலேசியாவையும் விட்டுவைக்கவில்லை.

நாணயத்தின் வீழ்ச்சி விமானத் தொழிலை எங்ஙனம் தாக்கும் என்பதைச் சற்று விரிவாகக் காண்டல் வேண்டும். நெருக்கடிக்கு முன்னர் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளி கொடுத்தாற் போதும். 1998 ஆம் ஆண்டு சனவரியில் அது 4 வெள்ளி 88 காசு வரை ஏறியது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசு அதனை 3 வெள்ளி 80 காசில் நிலைநிறுத்தியது. எரிபொருளும் உதிரி உறுப்புகளும் விமானக் கடனும் குத்தகையும் டாலரில் செலுத்தப்படுவன. எனவே நூறு டாலர்ச் செலவு முன்னர் 250 வெள்ளியாக இருந்தது, பின்னர் 380 வெள்ளியாயிற்று. சிக்கனம் எதனையும் கைவிடாமலேயே செலவு பாதிக்குமேல் பெருகிவிட்டது. வரவோ வெள்ளியில் வந்தது. உள்நாட்டுக் கட்டணத்தை உயர்த்துவதற்கு அரசின் இசைவு வேண்டும். வெளிநாடு செல்லும் வணிகரும் மாணவரும் குறைந்தனர். 1998 ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏழு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிற்று. ஒரு தடத்தில் இருக்கைகள் நிரம்பியிருப்பதும் அத்தடம் ஆதாயம் தருவதும் ஒன்றல்ல. முன்வரிசையில் அமர்ந்து மிகுந்த கட்டணம் செலுத்துவோர் குறைந்தால், பின்வரிசை நிறைந்திருந்தும் விமானம் நட்டத்திலேயே பறக்கும்.

இத்தகைய வேளையில்தான் செப்பாங் நிலையம் திறப்புக்கு வந்தது. வளமான ஆண்டுகளில் வரையப்பட்ட திட்டம் வறண்ட ஆண்டில் முடிவுற்றது. நிறுத்தி வைக்கவும் இயலாது, கட்டடம் எழுந்துவிட்டது. செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற இருந்தன. ஹாங்காங்கின் புதிய நிலையமும் சூலைத் தொடக்கத்தில் திறக்கப்பட இருந்தது. 1998 ஆம் ஆண்டு சூன் 27 ஆம் நாள் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் முறைப்படி திறக்கப்பட்டது. அம்மாத இறுதியில் விமானச் சேவைகள் சுபாங்கைவிட்டுப் புறப்பட்டன. புதிய நிலையத்தில் முதல் நாள்களில் பயணப் பெட்டிகள் வந்து சேரவில்லை, கணினி முறைகள் பழுதுற்றன, வரிசைகள் நீண்டன. அவை காலப்போக்கில் சீராயின. தொலைவுதான் சீராகவில்லை. விரைவு இரயில் 2002 ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை நான்காண்டுக் காலம் பயணிகள் சாலையையே நம்பியிருந்தனர். முக்கால் மணி நேரம் பறந்து பினாங்கை அடைய வேண்டியவர், விமானம் ஏறுவதற்கே அதைவிட மிகுந்த நேரம் செலவிட நேர்ந்தது.

எண்களும் இதனையே கூறுகின்றன. சுபாங் தன் கடைசி முழு ஆண்டாகிய 1997 இல் ஏறத்தாழ 1 கோடியே 58 இலட்சம் பயணிகளைக் கண்டது. ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பயணிகளுக்கென அமைக்கப்பட்ட செப்பாங், தன் முதல் முழு ஆண்டாகிய 1999 இல் கண்டது 1 கோடியே 32 இலட்சம் மட்டுமே. வீட்டைப் பெரிதாகக் கட்டிய பின் குடும்பம் சிறுத்தது போன்ற நிலை. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா, ஆல் நிப்பான், நார்த்வெஸ்ட் முதலிய அயல்நாட்டு நிறுவனங்கள் ஆதாயமில்லாத் தம் சேவைகளை நிறுத்திக்கொண்டன. 2001 இல் வெளியேறிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீண்டும் வந்தது 2015 இல்தான். தெற்கே சாங்கியும் வடக்கே பாங்காக்கும் இருக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இடையிலுள்ள நகரைக் கைவிடுதல் எளிதாயிற்று. மாஸ் நிறுவனத்தின் கதி இன்னும் இரங்கத்தக்கது. 1994 இல் ஒரு பங்கு எட்டு வெள்ளி என விற்ற பகுதியை, 2000 ஆம் ஆண்டின் இறுதியில் அரசு அதே எட்டு வெள்ளிக்குத் திரும்ப வாங்க உடன்பட்டது. அன்று சந்தையில் அப்பங்கின் விலை அதில் பாதிகூட இல்லை.

சுபாங்கை மீண்டும் திறந்துவிடலாம் என்ற குரல் எழாமல் இல்லை. அரசு இணங்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. பிற நாட்டிலிருந்து வருபவர் அங்கேயே விமானம் மாறி உள்நாட்டு ஊர்களுக்குச் செல்வதால்தான் ஒரு நிலையம் நடுவமாக உயரும். உள்நாட்டுச் சேவைகள் சுபாங்கிலும் அயல்நாட்டுச் சேவைகள் செப்பாங்கிலும் இருந்தால் இரண்டும் மெலியும். குறைந்த பயணிகளை இரு நிலையங்கள் பங்கிட்டுக்கொள்ளுதல் தகாது என்னும் இக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அதன் சுமையை ஏற்றவர் சுபாங் வட்டாரத்து வாடகை வண்டி ஓட்டுநரும் கடைக்காரரும் தலைநகரின் அன்றாடப் பயணியருமே. கணக்கில் அவர்கள் இடம்பெறவில்லை. பயணியர் ஜெட் விமானங்கள் சுபாங்கை அணுகலாகாது என்பதே கொள்கையாயிற்று. சரக்கு விமானங்களும் தனியார் விமானங்களும் தீவுகளுக்குச் செல்லும் சிறு விமானங்களும் ஓடுபாதையைப் பயன்படுத்தின. 2003 ஆம் ஆண்டின் இறுதியில், காளான் தூண்கள் தாங்கிய முதல் முனையம் இடிக்கப்பட்டது. பழுதுற்ற கட்டடத்தை இடிப்பதில் தவறில்லை. ஒரு நாட்டின் இளமைக்காலத்துக்குச் சான்றாய் நின்ற கட்டடத்தை இடித்ததற்கு அந்த நியாயம் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

நெருக்கடி சிலருக்கு வழியும் திறந்தது. 2001 இல் நாற்பது மில்லியன் வெள்ளிக் கடனுடன் ஒரு வெள்ளிக்கு விற்கப்பட்ட ஏர் ஆசியா, மலிவுக் கட்டணத்தால் புதிய பயணியரை உருவாக்கியது. அந்நிறுவனம் சுபாங்கைத் தன் தளமாகக் கேட்டது. கிடைத்ததோ செப்பாங்கில் 2006 மார்ச்சில் திறக்கப்பட்ட எளிய முனையம். 2005 இல் நூறு கோடி வெள்ளிக்கு மேல் நட்டமடைந்த மாஸ், 2006 ஆகஸ்டில் உள்நாட்டுத் தடங்களுள் முதன்மையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஏர் ஆசியாவிடம் ஒப்படைத்தது. சபா, சரவாக் உட்பகுதிகளுக்கான சிறு விமானச் சேவையும் அதனோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்துக்குச் சென்றது. சாலையில்லா மலையூர்களுக்கு விமானமே மருத்துவ வண்டி, விமானமே அங்காடி வண்டி. அங்கே சேவை தாமதமாவதும் தடைப்படுவதும் பெருங்குறையாயிற்று. பதினான்கு மாதங்களில் அத்தடங்கள் மாஸ் குழுமத்துக்கே திரும்பின.

அதே 2007 ஆம் ஆண்டு அக்டோபரில் மாஸ் நிறுவனத்தின் துணை நிறுவனமாகிய ஃபயர்ஃபிளை, சுழல்விசிறி விமானங்களுடன் சுபாங்கில் சேவையைத் தொடங்கியது. தனக்கு மறுக்கப்பட்டது பிறர்க்கு வழங்கப்பட்டதே என ஏர் ஆசியா முறையிட்டது. உலகப் பொருளாதாரம் மீண்டும் சரிந்த 2008, 2009 ஆம் ஆண்டுகளில், சிறு விமானங்களுக்குச் சுபாங் ஏற்ற இடமாக அமைந்தது. எழுபது பேர் அளவில் அமரும் விமானத்துக்கு அவ்வளவு பயணிகளைத் தேடினாற் போதுமன்றோ! மூன்றாம் முனையம் புதுப்பிக்கப்பட்டு 2009 இல் ஸ்கைபார்க் என்னும் பெயருடன் இயங்கலாயிற்று. நிலையத்தைச் சுற்றி விமான உறுப்புகள் செய்யும் ஆலைகளும் பழுதுபார்க்கும் கூடங்களும் பெருகின.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டில், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், உள்நாட்டுப் பயணியர் ஜெட் விமானங்கள் சுபாங்கில் இறங்கின. இறங்கிய ஓடுபாதை 1965 இல் அமைந்த அதே 3,780 மீட்டர் ஓடுபாதை. பயணியர் சென்று நின்ற முனையம், முன்னர் உள்நாட்டுப் பயணிகளுக்கென இருந்த மூன்றாவது.