மடுல்சீமைக் கோப்பியும் இலையின் வாசற்காவலும்

மலையகத் தமிழரின் வரலாற்றைப் பேச வருகின்றவர்கள் கண்டிப் பக்கமிருந்தே தொடங்குவது வழக்கம். நடந்து வந்த பாதைக்கு மாத்தளை, தேயிலைக்கு லூல்கந்துரை என்று பெயர்கள் நிலைத்துவிட்டன. ஊவாவின் ஒரு கோடியிலுள்ள மடுல்சீமையை முதலிற் குறிப்பிடுபவர் மிகச் சிலரே. ஆனால் இம்மக்களின் வாழ்வை அடியோடு மாற்றிய ஒரு சங்கதி அங்கேதான் முதன்முதலிற் கண்ணிற்பட்டது என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அது 1869 ஆம் ஆண்டு. மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தாற் போன்ற புள்ளிகள் காணப்பட்டன. இலைகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிற்சிடம் போயின. அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு அறிஞரான பெர்க்கிலிப் பாதிரியார் அவ்வாண்டிலேயே அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். பாழாக்குவது என்பது அதன் இரண்டாம் சொல்லின் பொருள். தோட்டத்துரைமார் அதனை 'டிவாஸ்டேற்றிங் எமிலி' என்று பகிடி பண்ணினார்கள்.

பகிடி பண்ண அவர்களுக்கு அப்போது வசதியிருந்தது. 1870 இல் இலங்கையிலிருந்து 10 கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட கோப்பி ஏற்றுமதியாயிற்று. விளைச்சல் குறையத் தொடங்கியபோதும் விலை உயர்ந்ததால் மேலும் காடுகளை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராகப் பெருகியிருந்தது. மண் களைத்துவிட்டது, மழை பிழைத்துவிட்டது என்று காரணம் சொன்னவர்கள் பலர். 1889 இல் ஏற்றுமதி ஏறத்தாழ 50 இலட்சம் இறாத்தலாக வீழ்ந்தது. இருபது வருடத்திற்குள் ஒரு பெருந்தொழில் சரிந்தது.

இதன் காரணத்தை ஆராய 1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இருபத்தைந்து வயது விஞ்ஞானி இலங்கைக்கு வந்தார். பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுகின்றன, ஈரமுள்ள இலையில் முளைக்கின்றன, இலைவாய்கள் வழியாக உள்ளே நுழைகின்றன என்று அவர் நிறுவினார். இடையிலே வேறு மரமின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழிவிட்டது என்பதையும் சுட்டிக்காட்டினார்.

இலைவாய் என்பது வெளிவாசல் மட்டுமே. உண்மையான வாசல் அதற்கும் உள்ளே இருக்கிறது. உயிருள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. எல்லாப் பொருளையும் அது ஒன்றுபோல் விடுவதில்லை என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஃபர் 1877 இல், அதாவது இங்கே கோப்பி நோயுற்றிருந்த அதே காலத்தில், எடுத்துரைத்தார். கொழுப்புப் பொருளாலான இரட்டைப் படையே அந்த மென்சவ்வு. ஒட்சிசன் போன்ற வாயுக்கள் அதனூடாகத் தாமாகவே கடக்கும். வெல்லமும் உப்புக்களும் அப்படிக் கடப்பது அரிது. அவற்றுக்கென்று சவ்விலே புரதங்களாலான தனி வாசல்கள் உள்ளன. சில வாசல்கள் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வழிவிடும். சில, சக்தியைச் செலவிட்டு எதிர்த்திசையிலும் பொருளை ஏற்றும்.

துருப் பங்கசு இந்தக் காவலை உடைப்பதில்லை. கலத்தின் சுவரைத் துளைத்துப் 'பருகி' என்னும் உறுப்பை உள்ளே செலுத்துகிறது, மென்சவ்வையோ கிழிப்பதில்லை. காற்றுக் குறைந்த பலூனில் விரலை அழுத்தினால் இரப்பர் விரலைச் சுற்றிக்கொள்வதுபோல, சவ்வு பருகியைச் சுற்றி மடிந்துகொள்கிறது. சவ்வு கிழிந்தால் கலம் இறக்கும். இறந்த கலத்தில் இந்தப் பங்கசுக்கு உணவில்லை. அவரையினச் செடியொன்றைத் தாக்கும் துருவில் ஜெர்மனியில் நடந்த ஆய்வு, 2001 இல், பருகியின் சவ்விலுள்ள ஒரு புரதம் வெல்லத்தை உள்ளிழுப்பதைக் காட்டியது. இலை ஒளித்தொகுப்பினால் உண்டாக்கிய வெல்லம், கலம் உயிரோடு இருக்கும்போதே, வேறொருவர் வாசலுக்குப் போய்விடுகிறது. இலை உதிர்கிறது, கிளை காய்கிறது.

ஒரு முரணை இங்கே குறிப்பிட வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே கோப்பியின் இடத்தைப் பிடித்தது. பங்கசு எந்தச் சவ்வைக் கிழிக்காமல் வாழ்ந்ததோ, அந்தச் சவ்வைக் கிழிப்பதே தேயிலைத் தொழிற்சாலையின் வேலை. கொழுந்தை வாட்டும்போது மென்சவ்வு தளர்கிறது; உருட்டு இயந்திரத்தில் அது கிழிகிறது. அதுவரை கலத்துக்குள் வேறுவேறு அறைகளில் இருந்த துவர்ப்புப் பொருளும் நொதியமும் கலந்து, காற்றுப் பட்டு, பச்சைக் கொழுந்து செம்பழுப்பாகிறது. தேநீரின் நிறமும் மணமும் இப்படிப் பிறந்தவையே.

பயிர் மாறியதோடு மனிதரின் வாழ்வும் மாறியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேதான் ஆள் அதிகம் வேண்டும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களிற் பலர் வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும்; அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பங்கள் வேண்டும். வந்து போனவர்கள் லயங்களில் நிலைத்து வாழும் ஒரு சமூகமானார்கள். மடுல்சீமை இலையிற் கண்ட துருவுக்கு இந்த மாற்றத்தில் பெரும் பங்குண்டு என்பது என் துணிபு.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, இவர்கள் வந்துபோகிறவர்கள்தாமே என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. அந்த வாதம் கோப்பிக் காலத்துக்கு ஓரளவு பொருந்தும். தேயிலை நிலைபெற்ற பின்னர் அது பொருந்தாது. தேயிலை தடையின்றி வெளியே போயிற்று. உரிமை மட்டும் உள்ளே வரவில்லை. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடல் கடத்தியது. எஞ்சியோருக்கு வழிசெய்த சட்டம் 2003 இல்தான் வந்தது.

கோப்பியின் வீழ்ச்சியில் துரைமார் இழந்தது எவ்வளவு என்று நூல்கள் பேசுகின்றன. அந்த வீழ்ச்சியினால் இந்நாட்டுக்கு நிரந்தரமாகக் கிடைத்த மக்களைப் பற்றியும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் மடுல்சீமையின் பெயர் இருக்கட்டும்.