பேதை நாற்றின் கதை

நெல் நாற்றுகளுட் சில, அயலிலுள்ளவற்றை விஞ்சி, மெலிந்து வெளிறி, அளவுக்கு மீறி உயர்ந்துவிடுவதுண்டு. செழிப்பின் அறிகுறி என்று மகிழ்தற்கில்லை. அவற்றுட் பல, மணி பிடிக்காமலே மடிந்துபோகும். யப்பானிய உழவர் இந்நோயைப் 'பக்கானே' என்றனர். பேதை நாற்று என்பது அதன் பொருள். பின்னர் அறிஞர் சூட்டிய பெயர்களினும் உழவர் இட்ட இப்பெயரே எனக்கு உவப்பானது.

இந்நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு என்பதை 1898இல் ஹோரி என்பார் எடுத்துக்காட்டினார். ஆயின், பங்கசு பயிரை உயர்த்துவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டவர், அந்நாளில் யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த தாய்வானிற் பணியாற்றிய குரோசாவா. அவர் பங்கசு வளர்ந்த நீரை வடித்தெடுத்து, உயிருள்ள பங்கசு சிறிதும் எஞ்சாதவாறு செய்து, நோயற்ற நாற்றுகளுக்கு இட்டார். அவையும் பேதை நாற்றுகளாயின! பயிரை உயர்த்தியது பங்கசு சுரந்த பொருளே என்பதை 1926இல் அவர் வெளியிட்டார். 1935இல் யபுத்தா அப்பொருளுக்கு ஜிபரலின் எனப் பெயரிட்டார். 1938இல் அவரும் சுமிக்கியும் அதனைப் பளிங்குருவிற் பெற்றனர். மேனாட்டார் இதனை ஊன்றி நோக்கியது, போர் ஓய்ந்து 1950ஆம் ஆண்டுகள் பிறந்த பின்னரே.

நேயர்களே, வியப்பு இனித்தான் வருகின்றது. 1958இல் அவரையினச் செடியொன்றின் முதிரா வித்துகளிலும் ஜிபரலின் காணப்பட்டது. நோய் தந்த நஞ்சென எண்ணப்பட்டது, பயிர் தனக்கெனத் தானே ஆக்கிக்கொள்ளும் ஓமோனாயிற்று! பங்கசு செய்ததெல்லாம் அளவை மிகுத்ததே. கலத்தினுள்ளே டெல்லா என்னும் புரதங்கள் வளர்ச்சிக்குத் தடையாய் நிற்கின்றன. ஜிபரலின் தனக்குரிய ஏற்பியிற் பொருந்தியதும் அப்புரதங்கள் அழிக்கப்படுகின்றன. கலச்சுவர் நெகிழ, உள்ளிருக்கும் நீரின் அமுக்கத்தாற் கலம் நீள்கின்றது. அந்த ஏற்பி கண்டறியப்பட்டதும் நெற்பயிரிலேதான், 2005இல்.

மிகை இவ்வாறாயின், குறை என் செய்யும்? பழைய நெல்லினங்கள் பல, உரம் மிகுந்தால் நெடிதுயர்ந்து, கதிரின் பாரந் தாங்காது சாய்ந்துவிடும். சாய்ந்த வயலில் விளைவு பாழ். 1966இல் பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டையினம் உரத்தை ஏற்றும் நிமிர்ந்து நின்றது. ஆசிய நாடுகள் பலவற்றின் உணவுக் கவலையைத் தணித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதன் குட்டைத்தன்மை, குரோசாவா பணியாற்றிய அதே தாய்வானின் நெல்லொன்றிலிருந்து வந்தது. ஜிபரலினை ஆக்கும் நொதியமொன்றின் பரம்பரையலகு அந்நெல்லிற் பழுதுற்றிருப்பது 2002இலேதான் தெளிவாயிற்று. அவ்வினத்தைத் தெரிந்தெடுத்தோர் ஓமோனைத் தேடவில்லை. வயலில் இறங்கி, தண்டின் உயரத்தையே கண்ணால் அளந்தனர்.