தலைவனே துரோகியானால்

ஒற்றர் கதைகளிலே தலைவனுக்கு உரிய இடம் தனியானது. வீரன் களத்திலே அலைவான். தலைவனோ மேசையின் பின்னிருந்து ஆணையிடுவான். அவ்வாணை நேர்மையானது என்னும் நம்பிக்கையினாலேயே வீரனுடைய பொய்யையும் களவையும் நாம் பொறுத்துக்கொள்கிறோம். 1953இல் இயன் பிளெமிங் படைத்த 'எம்' என்னும் தலைவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்களில் நடிகர் பலர் மாறியபோதும் அவர் துரோகியாக்கப்பட்டதில்லை.

இந்த மரபை 1996இல் வெளிவந்த 'மிஷன் இம்பொசிபிள்' திரைப்படம் மீறியது. அதன் மூலம் 1966இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகும். அதில் 1967 முதல் 1973 வரை ஜிம் பெல்ப்ஸ் என்னும் குழுத்தலைவராகப் பீற்றர் கிரேவ்ஸ் நடித்தார். 1988இல் தொடர் புத்துயிர் பெற்றபோதும் அவரே தலைவர். திரைப்படத்திலோ ஜோன் வொயிற் நடித்த பெல்ப்ஸ், தம் குழுவினரையே பலியிட்டு, இரகசிய ஒற்றர்களின் பெயர்ப் பட்டியலை விற்க முனைகிறார். பனிப்போர் ஓய்ந்தபின் தம் பணிக்கு மதிப்பில்லை என்ற கசப்பு அவரைத் தூண்டுகிறது. பழைய தொடரின் நடிகர் சிலர் இதனை வெளிப்படையாகவே வெறுத்தனர்.

இஃது உலகில் நடவாத கற்பனையோ? அன்று. பிரித்தானிய உளவுத்துறையில் 1944இல் சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கிம் பில்பி, 1934 முதலே சோவியத் ஒற்றராக இருந்தவர். 1955இல் அவர்மீது குற்றங்காண ஆதாரமில்லை என்று நாடாளுமன்றத்திலேயே கூறப்பட்டது. 1963இல் அவர் மொஸ்கோவுக்குத் தப்பியோடினார். அத்துரோகத்தின் நிழலிலேதான் ஜோன் லெ காரே 1974இல் தம் புகழ்பெற்ற நாவலை எழுதினார்.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. லெ காரேயின் கதையில் உயரதிகாரிகள்மீது ஐயம் தொடக்கத்திலேயே விதைக்கப்படுகிறது. வாசகர் விழிப்போடு உடன் நடக்கிறார். திரைப்படமோ, முந்திய எழுத்தாளரும் நடிகரும் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய நம்பிக்கையை ஒரு கணத் திகைப்புக்காகச் செலவிட்டது. புதிதாய்ப் படைத்த ஒரு தலைவன் காட்டிக்கொடுத்திருந்தால் அத்திகைப்பு எழுந்திராது. பழைய தொடரும் களங்கமுற்றிராது.

அக்கடன் எளிதில் தீரவில்லை. 2025இல் வந்த எட்டாவது படத்திலே பெல்ப்ஸின் மகன் தோன்றித் தந்தையின் பெயரை நினைவூட்ட வேண்டியதாயிற்று. தலைவன் தவறலாம் என்று காட்டுவது கதைஞனின் உரிமை. ஆனால், பிறர் கட்டிய வீட்டை இடிப்பவன், அதில் வாழ்ந்தோருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லனோ?